பதினேழாம் வரிசை

குப்பத்துக்கும் குடுபள்ளிக்கும் நடுவே
மூன்று மாநிலத்துச் செல்போன் கோபுரங்களும்
மாறி மாறி வரவேற்கும் ஒரு மேட்டில்
எங்கள் சோதனை வயல்.
தகரக் கொட்டகை, தராசு, நாற்பது வரிசைத் தினை.
தண்டவாளத்தோரம் தானாய் முளைத்த காட்டுத்தினையின் மகரந்தத்தை
வயல்தினையின் பூவில் தடவியதில்
பிறந்தவற்றுக்குப் பிறந்தவை.

அப்பன் வழியில், பழுத்த கணமே உதிர்த்துவிடும் கதிர்;
கடுகிலும் சிறிய மணி, தவிட்டு நிறம்.
அம்மா வழியில் பிடித்து வைத்துக்கொள்ளும்;
வெளிர் மஞ்சள்.
கூடினால் என்ன நிறம் என்று கண்டு சொல்ல
பதினோரு மாத ஒப்பந்தத்தில்
கடலூரிலிருந்து நான்.

அன்றைக்குத் தூறல்.
பதிவேடு நனையாமல் நான் தகரத்தின் கீழே.
வரிசைக்குள் ரெட்டெம்மா.
உமியை நகத்தால் நீக்கி, மணியைப் பார்த்துக் கத்துவாள்:
"பதிஹேனு, தெலுப்பு."
"பதஹாரு, தெலுப்பே."
எண்களை முதல் வாரமே பழகியிருந்தேன்.
வெள்ளைக்கு அவர்கள் சொல் என்னவென்றும் தெரியும்.
"பதிஹேடு, பச்ச. பாக பச்ச!"

17: பச்சை. நல்ல பச்சை.
முதிரவில்லை. நீக்குக.
என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

மற்றவற்றை இருட்டில் அரைத்தேன்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி,
குழாய்களுக்கு அலுமினியத் தாள்.
வெயிலிலிருந்து பயிரைக் காக்கிற நிறம்தான் இது;
அரைத்து அசிட்டோனில் விட்டால்
ஒரு ஜன்னலைத் தாங்காது.
முப்பத்தொன்பது குழாய்.
ஒன்றுகூடத் தாயைத் தாண்டவில்லை.
"அவ்வளவுதானா?" என்றார் வரதய்யா சார், போனில்.
அவ்வளவுதான் சார்.

மூன்று நாள் கழித்து, மதியம்,
அவித்த முட்டையைப் பிட்டு
நடுப்பகுதியை என் டப்பா மூடியில் வைத்தாள் ரெட்டெம்மா.
"பச்ச சொன நாக்கு வத்து."
என்ன நாக்கு? எது வற்றியது?
அவள் தொட்டுக் காட்டினாள்.
மஞ்சள் கரு.

சோறு இறங்கவில்லை.
வேலியோரச் செண்டுமல்லியைக் காட்டினேன்.
பச்ச.
அவள் கழுத்துக் கயிற்றை.
பச்ச.
தினை இலையைக் காட்டினேன்.
"அது ஆக்குபச்ச," என்று சிரித்தாள்,
இதுகூடத் தெரியாதா என்பதுபோல்.

நீக்கியவை கிடந்த சாக்கை உதறினேன்.
கதிரையெல்லாம் எலி முடித்திருந்தது.
ஆனால் அப்பன் குணம் போகவில்லை:
எலி வருவதற்கு முன்பே உதிர்ந்துபோய்த்
தையல் மடிப்புக்குள் பதுங்கியிருந்தன சில.
செய்தித்தாளில் கொட்டி எண்ணினேன்.
அறுபத்து மூன்று.
முட்டையின் நடுவை இடித்துப் பொடித்ததுபோல் நிறம்.

கருவிக்கு அரை கிராமாவது வேண்டும்.
எல்லாவற்றையும் அரைத்தாலும் பற்றாது;
அரைத்தால் விதையுமில்லை.
அறிக்கையில் பதினேழுக்கு நேரே வெற்றிடம் விட்டேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
பூச்சி இருந்தது, வறட்சி இருந்தது, ஆடு மேய்ந்ததுகூட இருந்தது.
செவியில் விழுந்த சொல்லை
வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டேன் என்பதற்கு
எண் கொடுத்திருக்கவில்லை.

தட்டில் ஊன்றியதில் ஐம்பத்தெட்டு முளைத்தன.
மூன்றாம் வாரம் ஓர் இலை நுனியைக் கிள்ளி
அரைத்து, வடிதாளில் ஒரு பொட்டு வைத்து
ஓரத்தை மட்டும் திரவத்தில் நனைத்தேன்.
ஈரம் ஏறியது.
பச்சை பாதியில் நின்றுகொண்டது.
அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கோடு
தனியே கழன்று மேலே மேலே போனது.
மணிக்கு வரவேண்டியதன் உறவு,
இத்தனை நாளும் இலைக்குள் இருந்திருக்கிறது.

ரெட்டெம்மாவைக் கூப்பிட்டு
கீழ்க் கோட்டைத் தொட்டேன், மேல் கோட்டைத் தொட்டேன்.
தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்,
கொண்டுபோகாதே என்று நான் சொல்வதற்குள்.
"ரெண்டூ பச்சே," என்றாள்.
பிறகு, கரண்ட் வந்துவிட்டதென்று
மோட்டார் போடப் போனாள்.